இருநூறு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது?

மார்த்தாண்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி நின்று கேட்கும்: "சாரே, பைலட் ஆவணும்னா எவ்வளவு பைசா ஆவும்?" கேள்வியை வீட்டில் இருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரியும். இருபது வருடம் வளைகுடாவில் கிடந்து திரும்பிய அப்பாவாக இருக்கும், அல்லது குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் அப்பாவாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் விமானம் அதிசயப் பொருளே இல்லை. களியக்காவிளை தாண்டிவிட்டால் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தான். 1935இல் டாடாவின் தபால் விமானம் பம்பாயில் இருந்து அங்கே வந்து இறங்கியபோது எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். வீட்டுக்கு ஒருவராவது அந்த ஓடுபாதையில் இருந்து ஏறிப் போனவர். ஆனால் முன்னறையில் இருந்து ஓட்டுகிறவர் எந்த வழியாக அங்கே போய் உட்கார்ந்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "கோர்ஸ் ஒண்ணு இருக்காம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதலில் அந்தக் கோர்ஸ் என்ற நினைப்பை விட வேண்டும். விமானி ஆவதை வருடத்தால் அளப்பதில்லை, மணி நேரத்தால் அளக்கிறார்கள். லைசென்ஸும் ஒன்றே ஒன்று கிடையாது. நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி மாணவர் லைசென்ஸ், அதற்கு 16 வயது போதும். அடுத்தது சொந்தத்துக்கு ஓட்டும் தனியார் லைசென்ஸ், 17 வயதும் 40 மணி நேரமும் வேண்டும். சம்பளம் வாங்கி ஓட்ட வேண்டுமானால் வணிக விமானி லைசென்ஸ், சி.பி.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 18 வயது, குறைந்தது 200 மணி நேரம். கடைசியாக ஏ.டி.பி.எல்., 21 வயதும் 1500 மணி நேரமும். பயணிகள் விமானத்தில் கேப்டனாக இடதுபக்க இருக்கையில் உட்கார இது வேண்டும். எல்லாவற்றையும் வழங்குவது மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

பிள்ளையின் வீட்டில் இருந்து பைசா கொடுக்கப்போவது அந்த 200 மணிக்குத்தான். அதனால் அந்த மணியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மணி எப்போது ஓடத் தொடங்குகிறது? சக்கரம் தரையை விட்டு எழும்போது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில், பறப்பதற்காக விமானம் நின்ற இடத்தை விட்டு முதலில் அசையும் கணத்தில் தொடங்குகிறது, திரும்பி வந்து முழுதாக நிற்கும்போது முடிகிறது. பெரிய விமான நிலையத்தில் பழகுகிற பிள்ளை, துபாய் விமானம் இறங்கி ஓடுபாதை காலியாகும்வரை ஓரத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும். பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் இருந்து புறப்படும் சுழல்காற்று சின்ன விமானத்தைப் புரட்டிவிடும் என்பதால், ஓடுபாதை காலியான பிறகும் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த நேரமும் கணக்கில் ஏறும், பில்லிலும் ஏறும்.

அடுத்து, எந்த 200 மணியும் செல்லாது. அதில் 100 மணியாவது பிள்ளை தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். அந்த நூறில் 20 மணி ஊர்விட்டு ஊர் போன பயணமாக இருக்க வேண்டும். அதில் ஒன்று 300 கடல்மைலுக்குக் குறையாமல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், வழியில் வேறு இரண்டு விமானத் தளங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி, பத்துத் தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 10 மணி. இத்தனையும் ஒரு பதிவேட்டில் தேதி, விமானத்தின் எண், நிமிடக் கணக்கோடு எழுதப்பட்டிருக்கும். அந்த லாக்புக்கில் பொய் எழுதி மாட்டினால் லைசென்ஸே போய்விடும்.

சரி, அந்த மணி நேரங்களில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? பழகும் விமானம் பெரும்பாலும் செஸ்னா 172 மாதிரி நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம். முதல் சில மணிகளில் நேராக ஓட்டுவது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது. அதைச் சீக்கிரம் பழகிவிடலாம். அதற்குப் பிறகு வரும் ஒரு பாடம்தான் எனக்கு, இயற்பியல் வாத்தியார் என்ற முறையில், மிகவும் பிடித்தது: ஸ்டால்.

ஸ்டால் என்றதும் கார் நின்றுபோவது போல இன்ஜின் நின்றுபோவது என்று நினைக்கிறோம். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையை வெளியே நீட்டாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதியிருந்தாலும் சின்ன வயதில் எல்லோரும் நீட்டியிருப்போம். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து முன்விளிம்பை லேசாக உயர்த்தினால் கை தானாக மேலே எழும். இன்னும் உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எழுவது நின்று, காற்று கையைப் பின்னால் தள்ளும். இறக்கைக்கும் இதுவே விதி. எதிர்வரும் காற்றோடு இறக்கை செய்யும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்ந்துகொள்ளும். தூக்கும் விசை சட்டென்று குறையும். விமானம் விழத் தொடங்கும்.

விழும்போது மனிதன் என்ன செய்வான்? கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பான், மூக்கை மேலே தூக்கப் பார்ப்பான். அது கோணத்தை இன்னும் கூட்டும், விழுவது இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: மூக்கைக் கீழே அழுத்தி, கோணத்தைக் குறைத்து, காற்று மீண்டும் இறக்கையைத் தழுவவிட்டு, அப்புறம் மெதுவாக மீள வேண்டும். தரை கீழே இருந்து ஏறி வருவது தெரியும்போதே அதை நோக்கி மூக்கை அழுத்தும் பழக்கம் யாருக்கும் பிறவியிலேயே வராது. அதனால்தான் நல்ல உயரத்தில் போய், வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கி, மீட்டு, மறுபடி ஆக்கி, மறுபடி மீட்டுப் பழக்குகிறார்கள்.

பிறகு சர்க்யூட். ஓடுபாதையில் இருந்து ஏறி, சுமார் ஆயிரம் அடி உயரத்தில் செவ்வகமாகச் சுற்றி வந்து, அதே ஓடுபாதையில் இறங்குவது. கோயிலில் வலமாகச் சுற்றுவோம், இங்கே வழக்கம் இடமாக. விமானத்தின் பொறுப்பாளர் இடதுபக்கம் உட்காருவதால் அவருக்கு ஓடுபாதை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இப்படித் திரும்பத் திரும்பச் சுற்று. ஒருநாள் பயிற்றுநர் ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கிக்கொண்டு, "ஒரு சுற்று போய்ட்டு வா" என்று கதவைச் சாத்துவார். அதுதான் முதல் தனிப்பறப்பு. இத்தனையாவது மணியில் என்று விதி இல்லை, பயிற்றுநருக்குத் திருப்தி வரும் நாளில். என்னிடம் படித்த ஒரு பெண் சொன்னாள்: பக்கத்து இருக்கை காலியானதும் விமானம் கனம் குறைந்து சடசடவென்று ஏறியதாம், இறங்கும்போது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனதாம். "பயப்படவே நேரம் கிடைக்கல்ல சாரே" என்றாள்.

இறங்குவதைப் பழகும்போதே, இறங்காமல் விடுவதையும் பழக்குகிறார்கள். வேகம் கூடிவிட்டது, உயரம் சரியில்லை, காற்று தள்ளுகிறது என்றால் முழு விசை கொடுத்து மறுபடி ஏறிச் சுற்றி வர வேண்டும். கோ-அரவுண்ட் என்பார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று பிள்ளையின் மண்டையில் ஏற்றுவதற்கே பல மணி நேரம் போகும். 2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில், துபாயில் இருந்து கோழிக்கோட்டுக்கு வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 21 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்காற்றோடு வந்து, ஓடுபாதையின் ஏறத்தாழ பாதி நீளம் போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. கோ-அரவுண்ட் செய்யாமல் சீரற்ற இறக்கத்தைத் தொடர்ந்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், அனுபவசாலிகள். "எறங்கிடலாம்" என்ற ஆசை அனுபவத்தையும் மீறி வரும்.

வழி கண்டுபிடிப்பதை விளக்க நான் தூத்தூர், சின்னத்துறைக் கடற்காரர்களை இழுப்பேன். படகு நேராக மேற்கே போக வேண்டும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கே இழுக்கிறது என்றால் அவர்கள் முகப்பைக் கொஞ்சம் வடக்கே திருப்பி வைத்துக்கொள்வார்கள். வானத்தில் நீவாட்டுக்குப் பதில் காற்று, அவ்வளவுதான். மணிக்கு 100 கடல்மைல் போகும் விமானத்தை 20 கடல்மைல் வேகத்தில் பக்கக்காற்று தள்ளினால், திருத்தாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் 20 கடல்மைல் தள்ளிப் போய் நிற்கும். திருத்த வேண்டுமென்றால் மூக்கைக் காற்றை நோக்கி 11, 12 டிகிரி திருப்ப வேண்டும். இதில் பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் பாடத்தைத் தாண்டி எதுவும் இல்லை. கணிதமும் இயற்பியலும் பன்னிரண்டில் படித்திருக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள் என்பது இங்கே புரியும். காமர்ஸ் எடுத்த பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதி வருவதும் உண்டு.

காற்றைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நின்ற தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாகப் பீறிட்டுக்கொண்டு போகும், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் அதனால்தான். மலைக்கு இந்தப் பக்கம் தாழ்ந்த மேகமும் மழையும், அந்தப் பக்கம் வறண்ட காற்றும் குலுக்கலும். விமானியின் வானிலைப் பாடத்தில் பாதி இதுதான்: காற்று எங்கே ஏறும், எங்கே குளிர்ந்து மேகமாகும், மலையைத் தாண்டி எங்கே உருண்டு விழும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் விடாது. பறக்காமல் உட்கார்ந்திருக்கும் நாட்களை யாரும் கட்டண அட்டையில் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

மேகத்துக்குள் போய்விட்டால் இன்னொரு சிக்கல். காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் திரும்புகிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமும் சமநிலைக்கு வந்து, நேராகத்தான் போகிறோம் என்று சத்தியம் செய்யும். நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகக் கத்தும். வெளியே தெரியாதபடி முகத்துக்கு மறைப்பு மாட்டி, கருவிகளை நம்பு, உடம்பை நம்பாதே என்று பழக்குவது இதற்காகத்தான்.

ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு உண்டு. போனில் விலை கேட்கும்போது "ஐம்பதா, ஒம்பதா?" என்று நாம் திருப்பிக் கேட்பது போல ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். அதனால் விமானிகள் ஒன்பதை நைனர் என்பார்கள், ஐந்தை ஃபைஃப் என்பார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தையும் அனுமதியையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி நிலை 4 கட்டாயமானதற்கு இதுபோன்ற விபத்துகளும் காரணம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் என்றதும் ஒடுங்கிப் போகிறார்கள். அது தேவையில்லை. இங்கே பெரிய இலக்கணமோ நடையோ வேண்டியதில்லை, அடிப்படை இலக்கணமும் தெளிவும் போதும்.

எழுத்துத் தேர்வுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வழிநடத்தல், வானிலை, விதிமுறைகள், விமானத் தொழில்நுட்பம் பொதுவாக ஒன்று, ஓட்டும் விமானத்துக்குக் குறிப்பாக ஒன்று. ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். விதிமுறைப் பாடம் சப்பென்று இருக்கும் என்பார்கள். அதில் நோட்டம் என்று ஒன்று வரும், ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது போன்றவற்றை விமானிகளுக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் அறிவிப்பு. இதற்கு எங்களிடம் அழகான உதாரணம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் பங்குனியிலும் ஐப்பசியிலும் சங்குமுகம் கடற்கரைக்குப் போவது விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான். அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும், சாமி போகும். முன்கூட்டியே நோட்டம் போய்விடும். பதினைந்து பக்கம் படித்தாலும் மனதில் நிற்காத விஷயம் இந்த ஒரு ஊர்வலத்தில் நின்றுவிடும்.

200 மணியும் முடிந்து சி.பி.எல். கையில் வந்தவுடன் வேலை வந்துவிடாது. இதைத்தான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அந்த லைசென்ஸ் சொல்வது, நீ பழகிய சின்ன விமானத்தைச் சம்பளத்துக்கு ஓட்டலாம் என்பதை மட்டும். பயணிகள் விமானத்துக்கு இரட்டை இன்ஜின் தகுதியும், கருவி வழிப் பறப்புத் தகுதியும் வேண்டும். அதற்கும் மேலே, ஏர்பஸ் ஏ320 ஓட்டப் போகிறாயா, போயிங் 737 ஓட்டப் போகிறாயா என்று பார்த்து அந்த ரகத்துக்கென்றே டைப் ரேட்டிங். அது பெரும்பாலும் சிமுலேட்டரில் நடக்கும்.

சிமுலேட்டர் என்றதும் வீடியோ கேம் நினைவுக்கு வர வேண்டாம். உண்மையான காக்பிட், அடியில் அதை ஆட்டும் கால்கள். அங்கே திரும்பத் திரும்பக் கொடுக்கும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது வி1 என்று ஒரு வேகம் உண்டு. அதற்கு முன்னால் இன்ஜின் ஒன்று நின்றால் பிரேக் போட்டு நிறுத்த ஓடுபாதையில் இடம் இருக்கும். அதைத் தாண்டிய பிறகு நின்றால் நிறுத்தவே கூடாது, ஒற்றை இன்ஜினோடு ஏறிப் போக வேண்டும். அந்த வேகம் அன்றைய எடை, வெயில், காற்று, ஓடுபாதை நீளத்தைப் பொறுத்து ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும். பயிற்றுநர் சரியாக வி1இல் ஒரு இன்ஜினை அணைப்பார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து இதை நிரூபித்தாக வேண்டும்.

இனி பைசா. சி.பி.எல்.லுக்கே அரைக் கோடி ரூபாய்க்கு மேல் போகும். டைப் ரேட்டிங்கும் சேர்ந்தால் கோடியை எட்டிப் பார்க்கும். நான் சொல்வது ஒன்றுதான்: மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் சேர்ந்த இடத்தில் விளம்பரத்தில் இருந்த விமானங்களில் பாதி கொட்டகையில் கிடந்தன. ஒரு வருடம் என்று சொன்னது இரண்டரை வருடம் ஆனது. அப்பா வைத்த அடமானத்துக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், போன மாதம் ஒரு பிள்ளை சராசரியாக எத்தனை மணி பறந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பஸ் ஏறிவிடுங்கள். டி.ஜி.சி.ஏ.வும் 2025இல் இருந்து பறப்புப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, அதனால்தான். மருத்துவப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்பு, அப்புறம் கடுமையான முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தால் விமானி ஆக முடியாது என்பது ஊர்ப்பேச்சு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப் பார்வை வேறு விஷயம். புள்ளி புள்ளியாக நிறங்களுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று காட்டும் இஷிஹாரா அட்டையில் பல பையன்கள் முதல்முறையாகத் தங்கள் குறையைத் தெரிந்துகொள்கிறார்கள். முன்பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டவனும் ஒருவன் உண்டு. அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பரிசோதனை விடாது. பறப்பதற்கு முன் மது குடித்திருக்கிறாரா என்று மூச்சுச் சோதனையும் உண்டு. ஆல்கஹால் கலந்த மருந்தையும் வாய்கொப்பளிக்கும் நீரையும்கூட விமானி தொடக்கூடாது. எங்கள் ஊரில் உடம்பு வலிக்கும் ஜீரணத்துக்கும் எடுத்து ஊற்றித் தருகிற அரிஷ்டங்களில் நொதித்து வந்த ஆல்கஹால் இருக்கிறது. பாட்டிகளுக்கு இதைப் புரியவைப்பது தனிப் பாடு.

இந்த வருடம் கேட்ட பையனிடம், பைசாவை விடு மக்களே, முதலில் போய் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். போன சனிக்கிழமை அவன் அப்பா போன் செய்தார். "பையனுக்க கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல சாரே. எல்லா நம்பரும் செரியாட்டு சொல்லிட்டான். இனி எங்க பைசா கெட்டணும்?"

இப்போது எங்கேயும் கட்ட வேண்டாம் என்றேன். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று எடுங்கள், டி.ஜி.சி.ஏ.வில் தேர்வு எழுதுவதற்கான கம்ப்யூட்டர் நம்பருக்கு விண்ணப்பியுங்கள், வானிலைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தப் பொஸ்தகம் இங்க மார்த்தாண்டத்துல கிட்டுமா சாரே?" என்று கேட்டார்.